இடம் மாறும் படமும் மாறாத ஆளும்

ஒன்று ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்ற பின்னும் அதுவாகவே இருக்கிறது என்று சொல்வதற்கு எது ஆதாரம் என்னும் கேள்வியை, உயிரைப் பற்றியும் உடலைப் பற்றியும் சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளன. டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றும் அன்றாடச் செயலில் எப்பொருளும் பயணம் செய்வதில்லை என்பதால், அப்பழைய கேள்வியை இச்செயல் மறுபடியும், முன்னைவிடக் கூர்மையாக, எழுப்புகிறது. தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த தருவைகுளம் போன்ற கத்தோலிக்க மீனவர் ஊர்களில் இக்கேள்வியின் கனம் பெரிது. ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம், சப்பரப் பவனி, புதுப்படகு மந்திரிப்பு என்று வாழ்வின் ஒவ்வொரு திருப்பமும் அங்கே படமாகிறது. கடலுக்குப் போனவர் திரும்பாமலும் அவர் உடல் கரை சேராமலும் போகும் வீட்டிலோ, அவரைக் கண்ணால் காண எஞ்சுவது அப்படம் ஒன்றே.

முதலில் அச்செயலை அருகிருந்து பார்ப்பது தகும். எஸ்.டி. கார்டு என வழங்கும் மெமரி கார்டு 1999இல் மூன்று நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக அறிவிக்கப்பட்டது. 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் 2.1 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட அந்த வில்லைக்குள் ஜப்பானியப் பொறியாளர் புஜியோ மசுவோகா 1984இல் அறிவித்த ஃப்ளாஷ் நினைவகம் இருக்கிறது. மின்சாரம் நின்ற பின்னும் பதிவை இழக்காத நினைவகமே ஃப்ளாஷ் நினைவகம்; அதன் நுண்ணறை ஒவ்வொன்றிலும் எவ்வளவு எலக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கின்றன என்பதே அங்குள்ள பதிவு. அந்த அளவுகளை எண்களாகப் படித்து, எண்களை நிறப்புள்ளிகளாக விரிக்கும்போது படம் தோன்றுகிறது. கேமரா அந்த அட்டையில் டி.சி.ஐ.எம். என்ற பெயரில் ஒரு கோப்புறையை அமைத்து, அதற்குள் வரிசை எண்ணிட்ட கோப்புகளாகப் படங்களை அடுக்குகிறது.

அட்டையைக் கார்டு ரீடரில் செருகி, படங்களைக் கணினிக்கு மாற்றும்படி கட்டளையிட்டால், கணினி அந்த எண்வரிசையை வாசித்துத் தன் வட்டில் புதிதாக எழுதுகிறது. அட்டையின் நுண்ணறைக்குள் சிறைப்பட்டிருந்த எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காப்பி செய்யும் கட்டளை இத்தோடு நின்றுவிடுகிறது. கட் செய்து பேஸ்ட் செய்யும் கட்டளையில், எழுதி முடித்த பின் அட்டையிலுள்ள கோப்பை நீக்குவது என்ற இரண்டாம் செயல் சேர்கிறது. அந்த நீக்கமும் உடனடி அழிவாகாது. கேமரா அட்டைகளில் பெரிதும் வழங்கும் ஃபேட் என்னும் கோப்பு முறையில், பட்டியலிலுள்ள பெயரின் முதல் எழுத்தின் மேல் நீக்கக் குறி இடப்பட்டு, அக்கோப்பு இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே ஒழிய, அடுத்த படம் அதன்மேல் எழுதப்படும்வரை பழைய எண்வரிசை பெரும்பாலும் அங்கேயே கிடக்கிறது. தவறி நீக்கிய படங்களை மென்பொருள் கொண்டு பலமுறை மீட்க முடிவதும், மீட்கும்வரை அந்த அட்டையில் வேறு படம் எடுக்கக் கூடாது என்று எச்சரிக்கப்படுவதும் இதனாலேயே. ஆக, அட்டையிலிருந்து கணினிக்குப் படம் போயிற்று என்று சொல்லப்படும் நிகழ்வு, ஓரிடத்தில் ஒன்று புதிதாகப் பிறப்பதும் மற்றோரிடத்தில் அதுபோன்ற ஒன்று பெயரிழப்பதும் அடுத்தடுத்து நடப்பதேயாகும்.

தமிழ் மரபுக்கு இந்த இரட்டைச் செயல் புதியதன்று. ஓலைச்சுவடி செல்லரித்துச் சிதையும் தறுவாயில் அதைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி, பழைய ஏட்டை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. எழுதுவது, பிறகு விடுவது என்ற இந்த வரிசையில் முதற்செயல் நின்றுபோய் இரண்டாம் செயல் மட்டும் சடங்காகத் தொடர்ந்தபோது நேர்ந்த இழப்பை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வேதனையோடு பதிவு செய்துள்ளார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகளைத் தேடிச் சென்றவருக்கு, பழைய ஏடுகள் சாஸ்திரப்படி ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே கிடைத்தது. ஏடு பெயர்ப்பதில் எழுத்துப் பிழையும் பாடபேதமும் புகுந்தன. கோப்பு பெயர்ப்பதில், செயல் தடையின்றி முடிந்தால், ஓர் எண்கூட மாறுவதில்லை. எனினும் இரண்டிலும் ஆபத்து இருக்கும் இடம் ஒன்றே: புதியது முழுமையாக இருக்கிறதா என்று அறிவதற்கு முன் பழையதை விட்டுவிடும் அந்த இடைவெளி.

இனித் தத்துவக் கேள்விக்கு வரலாம். கணினியில் இருக்கும் படம் அட்டையில் இருந்த அதே படந்தானா? பொருளை, அதாவது அதைத் தாங்கும் சடத்தை, ஆதாரமாகக் கொண்டால் அது வேறு படம். வடிவத்தை, அதாவது எண்களின் ஒழுங்கை, ஆதாரமாகக் கொண்டால் அதே படம். இவ்விரு விடைகளுக்கும் இடையே மூன்றாவது ஒன்றைப் பௌத்தம் முன்வைத்தது. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரு நிதானங்களின் கோட்பாடு, ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் தொடர்ச்சியையே உயிர் வாழ்வாகக் காட்டுகிறது. பிறவிதோறும் கடந்து செல்லும் நிலையான ஆன்மா என்று ஒன்றை ஏற்காமலே வினையின் தொடர்ச்சியை ஏற்கிறது. மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனுக்கு நாகசேனர் அளித்த விளக்கம் இதனைத் தெளிவாக்கும்: ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும்போது சுடர் எதுவும் இடம்பெயர்வதில்லை, ஆயினும் இரண்டாம் சுடர் முதலாவதைச் சார்ந்தே எரிகிறது. கோப்பின் இயல்பு இந்த விளக்கத்துக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. ஓர் அட்டைக்குள் அசையாமல் கிடப்பதாகத் தோன்றும் படத்தைக்கூட, நுண்ணறைகள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, அட்டையின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு வேறு அறைகளுக்கு அவ்வப்போது பெயர்த்தெழுதக்கூடும். நிலைத்திருப்பது என்பதே அங்கே இடையறாத பெயர்ப்பாக இருக்கிறது.

சைவ சித்தாந்தம் இந்த விடையோடு நிறைவடையவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம், தன் மூன்றாம் சூத்திரத்தில், உடலை மாயையால் ஆகிய ஓர் இயந்திரம் என்று கொண்டு, அதனுள் அதனின் வேறான ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. என் உடல் என்று உடைமையாகச் சொல்லும் ஒன்று உடலாக இருக்க இயலாது என்பதும், ஐம்புலன்கள் தனித்தனியே பெறுவதை ஒருங்கே அறியும் ஒன்று வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். ஆயினும் அச்சூத்திரம் அத்துடன் நில்லாமல், அந்த ஆன்மாவும் அறிவிக்க அறியும் இயல்பினது என்று கூறுவதே இங்கே ஆழ்ந்து நோக்கத் தக்கது. உயிர் தானாகவே தன்னைத் தாங்கி நிற்பதன்று. அறிவிக்கும் ஒருவனின் துணையால் அறிந்து நிற்பது. ஒழுங்கின் தொடர்ச்சி மட்டும் போதும் என்ற விடைக்கு மாறாக, அந்த ஒழுங்கை அறிந்து தாங்குபவன் வேண்டும் என்ற விடை இங்கே பிறக்கிறது.

முத்துக்குளித்துறையின் கிறிஸ்தவ மரபில் இக்கேள்வி உயிரைவிட உடலைப் பற்றியே அழுத்தமாக எழுகிறது. 1530களில் பரதவர் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்ற இக்கரைக்கு 1542இல் வந்த புனித சவேரியார், விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அதை மனப்பாடமாகக் கற்பித்தார். இறந்தோர் தம் உடலோடு மீண்டும் எழுவர் என்று பொருள்படும் சரீர உத்தானம் அப்பிரமாணத்தின் ஓர் உறுப்பு. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், மனிதர் இப்போது தாங்கியிருக்கும் அதே உடலோடு எழுவர் என்று வரையறுத்தது. அப்படியானால் கடலில் மூழ்கி, மீனுக்கு இரையாகி, உப்புநீரில் கரைந்த உடல் எது, எங்கே? இவ்வாறு சிதறிய உடல்களைப் பற்றிப் புனித அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே விரிவாக ஆராய்ந்தார். உருக்கிய சிலையை அதே உலோகத்தால் சிற்பி மீண்டும் வார்க்கும்போது எந்தத் துகள் எந்த உறுப்புக்குப் போயிற்று என்பது பொருட்டன்று, மூலப்பொருள் எதுவும் இழக்கப்படாமல் முழு உருவம் மீள்வதே பொருட்டு என்று அவர் விடை கூறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா, ஆன்மாவே உடலுக்கு வடிவம் தருவது என்ற கொள்கையால், அதே ஆன்மா மீண்டும் உருக்கொடுப்பதால் அது அதே உடலாகும் என்று விளக்கினார். இயற்பியலாளராக இருந்து ஆங்கிலிக்கன் குருவான ஜான் போல்கிங்ஹார்ன், நம் காலத்தில், ஆன்மாவை உடலில் பொதிந்த தகவல் ஒழுங்கு என்று கருதி, அந்த ஒழுங்கை இறைவன் தம் நினைவில் காத்துப் புதிய படைப்பில் மீண்டும் உடலாக்குவார் என்று எழுதினார்.

இந்தக் கடைசி விளக்கம், மெமரி கார்டையும் கணினியையும் அறிந்த தலைமுறைக்கு எளிதில் மனத்தில் பதியக்கூடியது. எளிதில் பிழையாகப் புரிந்துகொள்ளப்படக் கூடியதும் அதுவே. ஒழுங்கு மட்டுமே ஆள் என்றால், ஒழுங்கை இருமுறை எழுதலாம் என்பதால் ஆளும் இருவராகிவிடுவார். இறந்த ஒருவரின் நினைவுகளைக் கொண்டவர்களாக இருவர் தோன்றினால் இருவரும் அவராக இருக்க இயலாது என்றும், எனவே நினைவின் ஒப்புமை ஆளின் ஒருமைக்குப் போதாது என்றும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1950களில் வாதிட்டார். டெரிக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில், மனிதனைப் படித்தறிந்து வேற்றுக் கோளில் மறுபடி உருவாக்கும் கற்பனை இயந்திரம் ஒன்றை முன்வைத்து, பழைய உடல் அழியாமல் இருந்துவிட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். ஒருமை என்பது நாம் எண்ணும் அளவுக்கு முதன்மையானது அன்று என்பது அவர் கண்ட முடிவு. படத்தைப் பொறுத்தவரை அம்முடிவு சரியே. அட்டையில் ஒன்று, கணினியில் ஒன்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனின் கைபேசியில் ஒன்று என மூன்று இருந்தாலும் எவருக்கும் எந்த முரணும் தோன்றுவதில்லை. மூன்றும் அதே படம். ஆனால் அப்படத்தில் இருப்பவர் ஒருவரே. அவரை இழந்த வீட்டார் அவரைப் போன்ற இன்னொருவரைக் கேட்கவில்லை, அவரையே கேட்கின்றனர். படத்துக்கும் ஆளுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இதுவாகையால், ஒருவரின் படங்களையும் குரலையும் செய்திகளையும் சேர்த்துக் கணினிக்குள் அவரைச் சாகாமல் வைத்திருக்கலாம் என்று இன்று கூறப்படும் நம்பிக்கை, படத்துக்குரிய இலக்கணத்தை ஆளுக்குப் பொருத்துவதாகும்.

அப்படியானால் ஒருமையைக் காப்பது எது? கோயில் மரபில் உள்ள ஒரு சடங்கு இதற்கு வழிகாட்டுகிறது. குடமுழுக்குக்கு முன் திருப்பணி நடைபெறும் காலத்தில், மூலவரின் இறைக்கலையைக் கும்பத்து நீருக்கு வருவிக்கும் கலாகர்ஷணம் என்னும் சடங்கைச் செய்து, பாலாலயம் எனப்படும் தற்காலிகச் சன்னிதியில் பெரும்பாலும் மரப்பலகையில் எழுதிய உருவத்தில் எழுந்தருளச் செய்கின்றனர். திருப்பணி முடிந்ததும் மீண்டும் மூலவருக்குக் கொண்டு செல்கின்றனர். கல், நீர், மரம், மீண்டும் கல் என்று தாங்கும் பொருள் மாறிக்கொண்டே இருக்க, அதே இறைவன் என்ற உறுதியை அடியார்கள் இழப்பதில்லை. சாத்திர நோக்கில் அதற்குக் காரணம் இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பது. வழிபாட்டு நோக்கில் காரணம், பாலாலயத்தில் பூசை நாள் தவறாமல் நடப்பது. இடம் மாறும் காலத்தில் கவனிப்பாரின்றி விடப்பட்ட பொழுது என்று ஒன்று இல்லை.

சித்தாந்தத்தின் அறிவிக்கும் இறைவனும், கிறிஸ்தவத்தின் நினைவில் வைத்திருக்கும் இறைவனும் ஒரே கோட்பாட்டின் இரு பெயர்கள் அல்ல. முன்னது பிறவிச் சுழற்சியை ஏற்பது, பின்னது ஒரே வாழ்வையும் ஒரே உயிர்ப்பையும் நம்புவது. எனினும், ஒருவர் அவராகவே நிலைப்பது அவருக்குள் இருக்கும் சடத்தாலும் அன்று, பெயர்த்தெழுதத் தக்க ஒழுங்காலும் மட்டும் அன்று, அவரைக் கைவிடாமல் அறிந்திருக்கும் ஒருவராலேயே என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. கடலில் இறந்தோரும் எழுவர் என்ற திருவெளிப்பாட்டு நூலின் எதிர்பார்ப்பு, கடலடியில் ஏதோ ஒரு பதிவு அழியாமல் கிடக்கிறது என்பதை நம்பியதன்று. இறந்தவரை அறிந்தவர் மறக்கமாட்டார் என்பதை நம்பியது.

இதனால் படம் பொருளற்றதாகிவிடாது. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், திருவுருவத்துக்குச் செய்யும் வணக்கம் அதன் மூலமாகிய ஆளைச் சென்றடைகிறது என்று அறிவித்தது; திருவுருவங்களுக்கு என்று வகுக்கப்பட்ட அந்த நெறி, இறந்த தந்தையின் படத்துக்கு மாலையிட்டுக் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும் வீட்டாரின் அன்புக்கும், உரிய வேறுபாட்டோடு, ஒளி தருகிறது. படம் ஆள் அல்ல. ஆளை நோக்கிய வழி. வழி அடைபடாமல் காப்பது வாழ்வோரின் கடமை. ஆகையால் ஒருவரின் ஒரே படம் இருக்கும் அட்டையைக் கையாளும்போது கட் செய்வதைத் தவிர்த்துக் காப்பி செய்வதும், கணினியில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து முகம் முழுமையாகத் தெரிகிறதா என்று பார்ப்பதும், வேறொரு வட்டிலும் ஒரு பிரதி வைப்பதும், எழுதி முடியும் முன் அட்டையை உருவாமல் கணினியின் அனுமதி பெற்று எடுப்பதும், இவ்வளவுக்கும் பின்னரே அட்டையைத் துடைப்பதும் வெறும் தொழில்நுட்ப ஒழுக்கம் அல்ல. ஏடு பெயர்ப்போர் மறந்தபோது நூல்கள் அழிந்த அதே இடைவெளியில், இன்று கோப்பு பெயர்ப்போர் நிற்கின்றனர்.

மனிதன் பிறிதொருவரைக் காக்கும் ஆற்றல் படத்தைக் காப்பதோடு முடிந்துவிடுகிறது; ஆளைக் காப்பது அவன் கையில் இல்லை. இந்த எல்லையை ஒப்புக்கொள்வதே சமய வாழ்வின் தொடக்கம் என்று கொள்ளலாம். எல்லைக்கு இப்புறம் உள்ள வேலையில் ஒரு கோப்பும் தவறாத கவனமும், அப்புறம் உள்ளதைப் பற்றிய நம்பிக்கையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இறந்தவர் மறக்கப்படவில்லை என்று உண்மையாகவே நம்புகிறவர், அவருடைய முகத்தை அலட்சியமாக அழியவிட மாட்டார்.