மூன்றாவது படம்

பிறருக்காக ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? கேட்கும்போது பெரிய கேள்வியாகத் தெரிவதில்லை. வீட்டில் ரிமோட் யார் கையில் என்கிற சண்டைதானே என்று தோன்றும். ஆனால் செலவழிப்பது பொதுப்பணம், இடம் நூறு படத்துக்குத்தான், ஊரில் ஆளுக்கொரு கைப்பேசி என்று வைத்துக்கொண்டால் கேள்வி மாறிவிடுகிறது. சில மாதங்களாக ஒரு பட்டியலைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறேன். குயிலாப்பாளையத்தில் ஒரு சின்னப் பொது நூலகம், அதில் ஓர் அலமாரி, நூறு படங்கள், நூறு இசைத்தொகுப்புகள். அலமாரி இப்போதைக்கு என் நோட்டில்தான் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே போடுகிற பட்டியலில்தான் நம் மனசு சரியாகத் தெரியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால் செம்மண், முந்திரி, வாடகை ஸ்கூட்டர் கடைகள், பட்டறைகள், பிறகு குயிலாப்பாளையம். இதே சாலை ஆரோவிலுக்குள் போகிறது. அங்கே டவுன்ஹால் வளாகத்தில் சினிமா பாரடைசோ என்ற அரங்கில் உலகப் படங்கள் போடுகிறார்கள். இந்தப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையன் கையில் உலகமே இருப்பதாகச் சொல்கிறார்கள். "அதான் போன்ல எல்லாம் இருக்கே, நூலகத்துல எதுக்குப் படம்?" என்று யாரிடம் சொன்னாலும் முதல் பதில் இதுதான்.

எல்லாம் இல்லை. தமிழின் முதல் பேசும் படம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் 'காளிதாஸ்' (1931) எந்த போனிலும் இல்லை, ஏனென்றால் அதன் பிரதி எங்குமே இல்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படம் 'கீசகவதம்' இல்லை. தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருள், அதிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கும் வியாபாரம், ஓடி முடிந்த படத்துக்கு எதற்கு இடவாடகை என்ற கணக்கு, இவையெல்லாம் சேர்ந்து அந்தக் காலத்துப் படங்களைத் தின்றுவிட்டன. இன்றைக்கு ஒரு படம் மறைய தீ கூட வேண்டாம். உரிம ஒப்பந்தம் முடிந்தால் போதும், நேற்று இருந்த படம் இன்று தளத்தில் இருக்காது. சந்தா கட்டுகிறவர் வாடகைக்காரர். நூலகம் வாங்கி வைக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அலமாரி வேண்டும் என்பேன்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர். அந்த ஊர் ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமர், அதாவது இன்றைய கணக்கில் முதலமைச்சர். அவர் ஆட்சியில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, இரண்டு காரியங்கள் நடந்தன. 1948இல் பொது நூலகச் சட்டம். நூலகத்துக்கென்று மக்களிடம் வரி வாங்கலாம், அந்தப் பணத்தில் யாருக்கும் கட்டணமில்லாத நூலகம் நடத்தலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். ரூபாய்க்குப் பத்து பைசா. நூலகத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காத கிழவியும் அதைக் கட்டுகிறாள்.

இரண்டாவது, பாரதி. அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை வேறொரு வணிகர் கைவழியாக ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் அவர் பாரதி பாட்டுகளை வைத்தார். அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்று வந்தபோது, அனுமதி எங்கே என்று கேள்வி எழுந்தது. நாடே பாடுகிற பாட்டுக்கு ஒருவர் எப்படிச் சொந்தக்காரர் ஆக முடியும் என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ந்தார்கள். ஏவி.எம். பணம் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டது, பிற்பாடு எல்லோருக்குமாகத் திறந்துவிட்டது. ஆ.இரா. வேங்கடாசலபதி இதை ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரே ஆட்சி, ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. நூலகத்தைப் பொதுவாக்கிய கைதான் பாட்டையும் பொதுவாக்கியது. படமும் இசையும் நூலகத்துக்கு அந்நியச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இதுதான் என் பதில். நம்மூரில் 'பொது' என்கிற சொல்லுக்கு அரசாங்க அர்த்தம் வந்த காலத்தில் புத்தகமும் இசைத்தட்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

சரி, அலமாரிக்கு வருவோம். என்ன வாங்குவது? சுலபமான பதில்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் பதில், நல்லதை வாங்கு. ரே, குரோசாவா, கியாரோஸ்தமி. இருக்கட்டும், அவர்கள் இல்லாமல் அலமாரி போட நானும் ஒப்பமாட்டேன். 'பதேர் பாஞ்சாலி' (1955) மேற்கு வங்க அரசின் பணத்தில், அதுவும் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதி, முடிக்கப்பட்ட படம். பொதுப்பணத்தில் பிறந்த படம் பொதுநூலகத்தில் இருப்பது நியாயம்தானே. ஆனால் நூறையும் இப்படியே நிரப்பினால், வேலைவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்பும் ஒரு பெண்ணைப் பார்த்து "உனக்கு ரசனை போதாது, இந்தா மருந்து" என்று சொல்வதாகிவிடும். அவள் கட்டிய பத்து பைசாவில் அவளுக்கே வகுப்பெடுப்பதா?

இரண்டாவது பதில், கேட்பதை வாங்கு. பரிந்துரை நோட்டு ஒன்று வை, அதிகம் பேர் எழுதுவதை வாங்கு. ஜனநாயகமாகத் தெரியும். ஆனால் நோட்டில் எழுதுவது யார்? வருகிறவர்கள். வராதவர்கள் கேட்பதே இல்லை. தெரிந்ததை மட்டும்தான் ஒருவர் கேட்கவும் முடியும். நேற்று வந்த படத்தைத்தான் நோட்டு கேட்கும். அதற்கு நூலகத்தின் உதவி தேவையே இல்லை, அது தானாகவே துரத்திக்கொண்டு வரும். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். சீர்காழிக்காரர், உலகமே படிக்கிறது. இரண்டாம் விதி வாசகர் பக்கம் நின்று பேசுகிறது, அவருக்கான நூலை அவரிடம் கொண்டுசேர் என்கிறது. மூன்றாம் விதி நூலின் பக்கம் நின்று, அதற்கான வாசகரைத் தேடிக்கொடு என்கிறது. பரிந்துரை நோட்டுக்கு இரண்டாம் விதி மட்டும்தான் தெரியும்.

ஊர் கூடிப் படம் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. டெக் காலம். மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எதுவானாலும் டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம். முதலில் ஒரு சாமி படம், பெரியவர்கள் வாயை அடைக்க. இரண்டாவது எம்ஜிஆரா ரஜினியா என்று ஒரு சண்டை நடந்து, பணம் அதிகம் போட்டவர்கள் ஜெயிப்பார்கள். மூன்றாவதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரர் கையில் இருந்த ஏதோ ஒரு கேசட்டைச் சேர்த்துக் கொடுத்திருப்பார். மூன்று மணிக்கு மேல், பாதிப் பேர் பாயில் சுருண்டபிறகு அது ஓடும். விழித்திருக்கும் நாலைந்து பேரில் ஒருத்தனுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. 'உதிரிப்பூக்கள்' படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

நூலகத்தின் வேலை அந்த மூன்றாவது படம் என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் இரண்டு இல்லாமல் மூன்றாவது ஓடாது என்பதும் உண்மை. ஊர் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தவை இருந்தால்தான் டெக்கே வரும். ஆகவே என் நோட்டில் பாதி இடங்களை ஊருக்கு விட்டிருக்கிறேன், சண்டையோடு சேர்த்து. மீதிப் பாதிக்குத்தான் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த அலமாரி இல்லாவிட்டால் இது இந்த ஊரை எட்டுமா?

அந்தப் பாதியிலும் எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று பிரிக்க ஆசை வருகிறது. அரிவாளைத் தூக்கிச் சாதிப் பெருமை பேசும் பழைய படம் ஒன்றைச் சேர்க்கலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயரை நினைத்துக்கொண்டேன். நல்லது கெட்டது என்று பார்க்காமல் கிடைத்ததையெல்லாம் சேர்த்தவர். பாரிஸில் ஹென்றி லாங்லுவாவும் அப்படித்தான். 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மலையாள மௌனப்படம் உரிமைத் தகராறில் சிக்கி, திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக்கடையின் கையில் கிடந்தது. அப்படிக் கிடந்ததால்தான் அது தப்பியது. நாயர் 1974இல் அதைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். கோட்டையூர் ரோஜா முத்தையாவும் வேண்டாததைத்தானே சேர்த்தார்! நோட்டீஸ், அழைப்பிதழ், நாடகப் பாட்டுப் புத்தகம். கற்றவர்கள் குப்பை என்று சொன்னதை ஒரு விளம்பரப் பலகை ஓவியர் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வந்து வாங்கியது. இன்று அது சென்னையில் ஆய்வு நூலகம்.

ஆனால் நூறு இடம் உள்ளவன் நாயராக முடியாது. காப்பகம் எதிர்காலத்துக்கு வேலை செய்கிறது, தீர்ப்பைத் தள்ளிப்போட அதற்கு வசதி இருக்கிறது. கிராம நூலகத்தில் நாளை காலை ஒரு எட்டாம் வகுப்புப் பையன் வந்து நிற்பான். அந்த அரிவாள் படத்தைச் சேர்த்துவிட்டேன். பக்கத்திலேயே அதற்கு எதிர்வாதம் பேசும் படங்களையும் வைத்தேன். அவன் எதை எடுக்கிறான் என்று காவல் காக்கப்போவதில்லை.

இசையில் சிக்கல் வேறு மாதிரி. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம், கொல்லங்குடி கருப்பாயி, இளையராஜாவின் 1986 தொகுப்பு, இவற்றில் எனக்குக் குழப்பமே இல்லை. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் வரும் 'கொஞ்சும் சலங்கை' 1962இல் வெளியான படம். இந்தியச் சட்டத்தில் படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் காப்புரிமை 60 ஆண்டுகள், எனவே அந்தப் படத்தின் உரிமை 2022 முடிவோடு தீர்ந்தது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கணக்கு தனி, அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள் ஆக வேண்டும். இதெல்லாம் குமாஸ்தா வேலை. பொறுமையாகச் செய்தால் முடியும்.

கூத்துதான் என்னைத் தூங்கவிடவில்லை. செஞ்சியைச் சுற்றி திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, விடியும்வரை கூத்து நடந்து, படுகளத்தில் முடியும் மரபு இது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த விழாக்களைப் பற்றி 1988இல் பெரிய நூலும் கூடவே ஓர் ஆவணப்படமும் கொடுத்தார். அந்தப் படம் பட்டியலில் முதல் எண். வெளிநாட்டு வகுப்பறையில் பார்த்த செஞ்சியைச் செஞ்சிக்காரர்கள் பார்க்க வேண்டாமா?

ஆனால் இதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதியில், தலித் மக்கள் உள்ளே வருவது பற்றிய தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்ததும் ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்குத்தான். நமது பாரம்பரியம் என்று சொல்லும்போது 'நமது' என்பதற்குள் யார் யார்? கூத்து கோயில் வாசலில் நடக்கிறது. அந்த வாசலில் எல்லோரும் ஒரே மாதிரி உட்கார முடிந்ததில்லை. நூலகத்தில் பதிவாக இருந்தால், சாமி கும்பிடப் போகமுடியாதவனும் அர்ச்சுனன் தபசை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த அலமாரிக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை என்று ஒருநாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பறையை யோசித்தேன். ஒப்பாரியை யோசித்தேன். சாவு வீட்டில் அடித்தே தீரவேண்டும் என்று பிறப்பால் கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவர், நான் இனி அடிக்கமாட்டேன் என்று குச்சியைக் கீழே போட்டிருக்கிறார். அவர் அப்பா அடித்ததை 'நாட்டார் இசை' என்று முத்திரை குத்தி அலமாரியில் வைக்க நான் யார்? பறையை மேடையேற்றிப் பெருமையோடு அடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருவருமே சரி. பிணத்தின் முன் அழுத ஒரு தாயின் குரலை, அவள் பேரனைக் கேட்காமல், இரவல் கொடுக்கலாமா? சட்டம் நிகழ்த்துகிறவருக்கு 50 ஆண்டு உரிமை கொடுத்திருக்கிறது. அழுகிறவர் நிகழ்த்துகிறவரா என்று சட்டத்தைக் கேட்டுப் பயனில்லை, அந்த வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

எனவே இசைப் பட்டியலில் கடைசிப் பன்னிரண்டு எண்களுக்கு எதிரே பெயர் எழுதவில்லை, யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். கூத்து வாத்தியார், முகவீணைக்காரர், சேரியில் ஒரு அக்கா. கேட்டு வாங்கினால் பதிவுக்கு மேல் அவர்கள் பெயரும், என்ன கொடுத்தோம் என்பதும், எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பதும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த எண்ணுக்கு வேறெதையும் வைக்கப்போவதில்லை. 91ஆம் எண் பெட்டி காலியாக நிற்கும். ஏன் காலியாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு நூலகரிடம் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும்.