துணை நின்ற பாவம்

எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மருத்துவச்சி இருந்தாள். என் அப்பா, நான் இருவருமே அவள் கையில் பிறந்தவர்கள். அப்பாவின் சிநேகிதர் ஒருவரும் அப்படியே. அந்த மனிதர் பின்னாளில் கள்ளப் பத்திரம் எழுதி ஒரு விதவையின் தென்னந்தோப்பை விழுங்கினார். "நீ எடுத்த பிள்ளைதானே ஆத்தா?" என்று யாரோ கேட்டதற்குக் கிழவி, "நாங் கொழந்தையத்தானுங்க எடுத்தேன், புத்தியவுமா எடுத்தேன்?" என்றாள்.

அவள் தப்பித்துக்கொண்டாள். அப்பா தப்பவில்லை. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து அவருடையது. படித்துப் பார்க்காமல் போட்டது. "சிநேகிதன் கேட்டான், போட்டேன்" என்பதைத் தவிர அவர் சாகும்வரை வேறு சமாதானம் சொல்லவில்லை. ஊர் அவரைத் தூற்றியபோதெல்லாம் நான் அவருக்காக வாதாடியிருக்கிறேன்.

இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம் அத்தையின் வியாதி. அப்பாவுடன் பிறந்தவள். மார்பில் புற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் டாக்டர் படம் போட்டு விளக்கினார். செல்லின் மேல் நின்று "வளரு" என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் ஹெர்-2 என்ற ஏற்பி, அத்தைக்கு அளவு மீறிப் பெருகிவிட்டதாம். அதைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் 1998 முதல் உண்டு; அதைத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால், அந்த ஏற்பி தனியாக நிற்கத் திராணியற்றது, அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு துணைப் புரதம் இருக்கிறது என்று அவர் போகிற போக்கில் சொன்னது என் தூக்கத்தைக் கெடுத்தது.

புரதம் பிறக்கும்போது வெறும் நூல். சரியாக மடிந்தால்தான் உருப்படும். 1962-இல் இத்தாலியர் ரிட்டோசா, சூடு ஏறிப்போன பழ ஈக்களின் குரோமோசோம்கள் அங்கங்கே புடைத்திருக்கக் கண்டார். அதன் வழியே பிற்பாடு தெரியவந்தவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சூட்டில் மடிப்புக் குலைந்த புரதங்களுக்கு இவை கைகொடுக்கின்றன. இத்தகைய துணைகளுக்கு 'ஷாபரோன்' என்று பெயர். 1978-இல் ரான் லாஸ்கி கொடுத்தது. வெள்ளைக்காரச் சீமையில் கன்னிப் பெண்ணுக்குத் துணையாகப் போகும் மூத்தவளின் பெயர் அது. நம் செவிலித்தாய் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவற்றில் எச்.எஸ்.பி. 90 என்பது சாதாரணச் செல்லின் புரதத்திலேயே நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. நூற்றுக்கணக்கான புரதங்கள் அதன் தோளில் சாய்கின்றன. ஹெர்-2 அதிகமாகவே சாய்கிறது. தோளை விலக்கினால், தள்ளாடும் ஏற்பியைச் செல்லே சிதைத்துவிடும். ஜெல்டனமைசின் என்ற மண் நுண்ணுயிரிப் பொருள் இந்தத் துணையைப் பற்றிக்கொள்கிறது என்று 1994-இல் கண்டார்கள். அதன் வழியில் வந்த மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு ஈரல் கெட்டது. வேறு சிலருக்குப் பார்வை தடுமாறியது. போதாததற்கு, ஒரு துணையை அடித்தால் எச்.எஸ்.பி. 70 என்ற பங்காளி பெருகி உதவிக்கு ஓடிவருகிறது! 2022-இல்தான் ஜப்பான், வயிறு, குடல்களில் வரும் ஒருவகைக் கட்டிக்கு பிமிடெஸ்பிப் மருந்தை அங்கீகரித்தது. இவ்வகையில் அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அதுவே.

கேட்டபோது எனக்குக் குதூகலம். அடியுங்கள் அந்தத் துணையை என்று மனம் கூவிற்று. அப்புறந்தான் உறைத்தது. அதுவும் யாரென்று பாராமல் தோள் கொடுத்த ஜீவன்தானே? அப்பாவுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா? புரதத்துக்குப் படிக்கத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். அந்த விதவைக்கும் என்னைப்போல ஒரு பிள்ளை இருந்திருந்தால், அவன் யாரை அடிக்கச் சொல்லியிருப்பான்?

அத்தையிடம் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"நல்ல செல்லுக்கும் அது வேணுமாக்கும்?"

"ஆமாங்கத்தை."

"உங்கப்பனாட்டத்தான்" என்றாள். அதற்குள் நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.