கழுமரமும் கற்கோயிலும்

சைவாசிரிய மெய்யன்பர்களே,

மாணாக்கருக்குச் சமய வரலாறு கற்பிக்கப் புகுவார்க்கு இன்றியமையாதது நடுவுநிலைமை. நாம் பட்டதை விரித்தும், நம்மவர் செய்ததைச் சுருக்கியும் கூறுவோன் வரலாறு கற்பிப்பவனல்லன். பகை கற்பிப்பவனே யாவன்.

நாம் பட்டன மெய்யே. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் பறங்கியர் கைப்பட்டது. 1621இல் பிலிப் தே ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். 1658இல் வந்த ஒல்லாந்தரோ சைவரை மாத்திரமன்றிக் கத்தோலிக்கரையும் ஒறுத்தனர். 1687இல் கோவாவினின்றும் வந்த யோசேவாஸ் முனிவர் இரவலர் வேடம் பூண்டு மறைந்து தொண்டு செய்ய நேர்ந்தது இதனாலன்றோ? ஆகலின், ஒடுக்கியது கிறிஸ்தவமே என்று ஒரு சொல்லால் முடித்தல் பொருந்தாது. சமயம் அரசனது வாளைக் கைக்கொண்டதே அக்கேட்டின் வேர்.

அவ்வாள் நம்மவர் கையிலும் இருந்ததுண்டு. நல்லூர் கைப்படுதற்கு எழுபத்தைந்தாண்டு முன்னர், 1544இல், சங்கிலியரசன் ஆணையால் மன்னாரிலே மதம் மாறினோர் ஏறக்குறைய அறுநூற்றுவர் கொல்லப்பட்டனர். மதத்தின் பின்னே பறங்கியர் ஆட்சியும் வருமென்று அரசன் அஞ்சினான். அவ்வச்சம் வீணன்று, ஆயினும் காரணம் வேறு, நியாயம் வேறு.

இனி, மதுரையிலே எண்ணாயிரஞ் சமணர் கழுவேறினர் என்னுங் கதையை நோக்குவாம். திருஞானசம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு. இதனை விரித்துரைத்த சேக்கிழார் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. அக்காலத்துக் கல்வெட்டொன்றும் இதனைக் கூறவில்லை. பாண்டிநாட்டுக் கழுகுமலையிலோ சமணத் திருவுருவங்கள் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளிற் செதுக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. அழிந்தொழிந்த சமயம் மலையைச் செதுக்குமோ? வரலாற்றறிஞர் இதனைக் கதையென்றே கொள்வர்.

அங்ஙனமாயின் புராணம் பொய்யோ என வினவுவார்க்குக் கூறுவது: புராணம் அடியாரது பத்தித்திறங் கூற எழுந்தது, ஊர்க் கணக்கெழுத எழுந்ததன்று. சேக்கிழாரும் அச்செயலை வாளா கூறினாரல்லர். தோற்பின் கழுவேறுவோம் என்று சமணர் தாமே சபதஞ் செய்தனரென்றும், பிள்ளையார் பகையிலராயினும், மடத்துக்குத் தீயிட்ட பிழைபற்றி அரசனை விலக்காதிருந்தனரென்றும் காரணங் காட்டிச் செல்கின்றார். காரணங் காட்ட வேண்டியதாகப் புலவர் உணர்ந்த இடத்தில் நாம் கைகொட்டி மகிழ்தல் தகுமோ? கதை நிகழாததாயினும், அதனைக் கேட்டு மகிழும் உள்ளம் நிகழ்வதொன்றன்றோ?

அவ்வுள்ளத்தின் பயன் யாதென்பதை நம் காலமும் காட்டிற்று. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கொடுக்கப்பட்ட தவணை சில மணிநேரமே. இதனைக் கழுக்கதைபோல் ஐயத்துக்குரியதென்று ஒதுக்கவியலாது. கண்டார் இன்றும் உளர்.

ஆதலின், ஆசிரியர்காள், நல்லூரையும் மன்னாரையும் ஒரே பாடத்திற் கற்பியுங்கள். கதையைக் கதையென்றும், நிகழ்ந்ததை நிகழ்ந்ததென்றும் சொல்லுங்கள். சைவத்துக்கு இதனால் இழுக்கில்லை. மெய்க்கு அஞ்சுஞ் சமயமே இழுக்குடையது.

அழித்தற்றொழில் சிவபெருமானுக்குரியது. அவன் அழிப்பதும் பிறந்திறந்து எய்த்த உயிர்களின் இளைப்பை ஆற்றுதற்பொருட்டே என்பது சித்தாந்தத் துணிபு. அத்தொழிலைக் கைக்கொள்ளுமாறு அடியார் எவருக்கும் ஆணையில்லை.

திருச்சிற்றம்பலம்.