கனவானின் ‘இப்போதைக்கு’

அமெரிக்கப் பழமைவாதிகளின் பெரும் எழுத்தாளரான வில்லியம் எஃப். பக்லி 2008இல் மறைந்தபோது, அவருடைய கொள்கையை ஏற்காதோரும் அவரது சொல்வளத்தையும் கனவான் பண்பையும் வியந்து எழுதினர். இனிது பேசியமை ஒருவருக்கு அறமாகுமா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

எண்ணெய்ச் செல்வர் ஒருவரின் மகனான பக்லி, தாம் கற்ற யேல் பல்கலைக்கழகத்தைச் சாடி 1951இல் நூலெழுதிப் புகழ்பெற்றார். 1955இல் ‘நஷனல் றிவியூ’ ஏட்டைத் தொடங்கினார். 1966 முதல் 1999 வரை தொலைக்காட்சியில் விவாதம் நடத்தினார். தம் அணியிலிருந்த வெறிகொண்ட சிலரை வெளிப்படையாகக் கண்டித்தமையும் உண்மையே.

ஆனால் அவரது ஏடு 1957இல் எழுதிய தலையங்கம் ஒன்றுண்டு. தென் மாநிலங்களில் வெள்ளையர் சிறுபான்மையாயுள்ள இடங்களிலும் ஆதிக்கம் அவர்கள் கையிலேயே இருக்கலாம். இப்போதைக்கு அவர்களே முன்னேறிய இனம் என்பது அதன் சாரம். இந்த ‘இப்போதைக்கு’ என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அதில் வசையில்லை, கூச்சலில்லை. உரிமையை மறுக்கவில்லை, தள்ளிவைக்கிறோம் என்பதுபோல் ஒலிக்கிறது. எவ்வளவு காலத்துக்கு? அதைத் தீர்மானிப்பவர் யார்? பள்ளியையும் வாக்குச் சீட்டையும் மறுத்து ஒரு மக்களைப் பின்தள்ளியவரே, அவர்கள் முன்னேறினரா என அளக்கும் நடுவருமாகின்றனர்! தடியெடுத்து நின்ற முரடனைக் கண்டு வெட்கியவர்களும் இச்சொல்லின் நிழலில் வெட்கமின்றி ஒதுங்க முடிந்தது.

1965 பெப்ரவரியில் கேம்பிறிட்ஜ் மாணவர் மன்றத்தில், ஹார்லெமின் வறுமையில் வளர்ந்த எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வினை அவர் எதிர்கொண்டார். மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் வாக்களிக்கட்டும் என ஒரு குரல் எழுந்தபோது, அங்கே வெள்ளையர் அளவுக்கு மிஞ்சி வாக்களிப்பதே குறை என்றார் பக்லி. சாதுரியமான விடைதான், எம் பாடசாலை விவாதப் போட்டியாயின் நடுவர் புள்ளி அள்ளி வழங்கியிருப்பர். அம்மாணவரோ 544க்கு 164 என்ற கணக்கில் போல்ட்வின் பக்கமே நின்றனர்.

தென் மாநிலங்களின் இன ஒதுக்கல் தானே படிப்படியாக மறையும் என்று நம்பியது பிழை, நடுவண் அரசின் தலையீடு தேவையாகவே இருந்தது என 2004இல் பக்லி ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் தலையங்கத்துக்கும் அவ்வொப்புதலுக்குமிடையே 47 ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்கு அது ஒரு கருத்தின் திருத்தம்; வாக்குச்சாவடி வாயிலில் திருப்பியனுப்பப்பட்டவருக்கோ ஓர் ஆயுட்காலம்.

1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களுள் நூற்றுக்கு எழுவரேனும் வாக்காளராய்ப் பதிவுபெற்றிருக்கவில்லை. 1967இல் அத்தொகை நூற்றுக்கு 59ஐத் தாண்டியது.