போக்குக் காட்டுவது பொய்யா?

சடுகுடு பாடிப் போகிறவன் கண்ணை இடப்பக்கம் வைத்துக்கொண்டு காலை வலப்பக்கம் வீசுகிறான். பிடிக்க நிற்கிறவன் பின்வாங்குவது மாதிரி பாவலா காட்டிக் கணுக்காலை அமுக்குகிறான். யாரும் இதை ஏமாத்துன்னு சொல்வதில்லை, கைதட்டுகிறோம். வஞ்சனை பாவம் என்று படித்துவந்த நாம் இங்கே மட்டும் ஏன் தட்டுகிறோம்?

கோடு இருவருக்கும் தெரியும். போக்குக் காட்டும் உரிமையும் இருவருக்கும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. 'நான் இந்தப் பக்கம் வருவேன்னு அவன் நினைப்பான்' என்று கணித்தால்தான் போக்குக் காட்ட முடியும். கல்லுக்கு யாரும் போக்குக் காட்டுவதில்லை. எதிராளிக்கும் என்னைப் போலவே ஒரு மூளை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகே இந்த ஏமாற்று தொடங்குகிறது.

பல்வாங்கர் பாலு சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப் மைதானத்தில் வேலை பார்த்தார். துரைமார் மட்டை பிடித்துப் பழக இவர் பந்து போட வேண்டும். இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் போடுவார். இந்தப் பந்துவீச்சின் தொழிலே மறைப்பதுதான். கை ஒரே மாதிரி சுற்றும், பந்து வேறு வேறு மாதிரி வரும். எதிரே நிற்பவன் எவனானாலும் அந்த விரல்களை உற்றுப் பார்த்தே ஆகணும். பின்னாளில் சாதி இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே மண்குவளை. 1911இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். இருந்தும் இந்துக்கள் அணி அவரை முறைப்படி தலைவராக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

இதில் எது வஞ்சனை? பாலுவின் பந்தா, மண்குவளையா? விளையாட்டில் எல்லாரும் சமம் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு வெளியே கோட்டை மாற்றிப் போட்டார்களே, அதைத்தான் நான் வஞ்சனை என்பேன். அந்தக் கோட்டைப் போட்டது ஒரு தரப்பு மட்டும்.

ஒரு தோழர் கேட்டார்: "நம்ம சனங்க டவுன்ல வாடகை வீட்டுக்காகச் சாதியை மறைக்கிறாங்களே, அதுவும் போக்குக் காட்டுறதுதானே?"

வீட்டுக்காரர் நேராகச் சாதி கேட்பதில்லை. "ஊர்ல எந்தத் தெரு? சைவமா, அசைவமா?" என்று சுற்றி வருகிறார். அதுதான் முதல் போக்கு. நம்மாள் அதை முன்கூட்டியே கணித்துப் பதில் வைத்திருக்கிறார். அதைப் பொய்யென்று பழிக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் செய்தால் சாமர்த்தியம், நாம் செய்தால் கள்ளப்புத்தியா?

ஆனால் அதை விளையாட்டு என்று கொண்டாடவும் என்னால் முடியாது. சடுகுடுவில் விசில் ஊதினால் இருவரும் மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே வீடேதான் களம், விசில் கிடையாது. பிள்ளை பள்ளியில் என்ன சொல்லணும், ஊரிலிருந்து வரும் பாட்டி எப்படிப் பேசணும், எந்தத் தலைவர் படத்தைச் சுவரில் மாட்டக்கூடாது என்று நாள் முழுக்க எதிராளியின் மூளைக்குள்ளேயே குடியிருக்கணும். நம்மைக் கணிக்க வேண்டிய கட்டாயம் வீட்டுக்காரருக்கு ஒருநாளும் இல்லை.

உண்மை பேசு என்று நமக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள், முதலில் அந்த வீட்டுக்காரரிடம் போய், அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று சொல்லட்டும்.