யெஸ் டு ஆல்!

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி போகிறவர்களுக்கு கனகசெட்டிக்குளம் தெரிந்திருக்கும். புதுச்சேரி எல்லை ஆரம்பிக்கிற இடம். மதுக்கடை போர்டைப் பார்த்ததும் சிலருக்கு முகம் மலரும். கிழக்கே கடல், மீனவர் கிராமம். அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவருக்கு நான் செய்த ஒரு காரியம்தான் இந்த வாரம்.

2008-ல் நடந்தது. தங்கை கல்யாணப் படங்களை டிஜிட்டல் கேமராவிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். 'ஃபேமிலி' என்று ஏற்கெனவே ஒரு ஃபோல்டர். நடுவில் எனக்கு போன்.

''சார், இதே பேர்ல ஃபைல் இருக்கு, மாத்தட்டுமானு கேக்குது. என்ன குடுக்கட்டும்?''

நான் ஆபீஸ் அவசரத்தில் இருந்தேன். ''பழைய காப்பியா இருக்கும். யெஸ் டு ஆல் குடுத்துடுங்க!''

குடுத்துவிட்டார்.

அவர் கேமராவில், மெமரி கார்டை அழித்தால் படங்களின் நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். பெயர் ஒன்று, படம் வேறு! ஃபோல்டரில் அதே நம்பர்களில் இருந்தவர் அவருடைய அப்பா. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிற அப்பா, பேத்தியைத் தூக்கி வைத்திருக்கிற அப்பா... மொத்தம் 61 படங்கள். அப்பா அதற்கு முந்தின வருடம் காலமாகியிருந்தார். பழைய ஆல்பங்கள் 2004 சுனாமியோடு போய்விட்டன. கல்யாணப் படங்கள் 58.

''ரீசைக்கிள் பின்ல இருக்குமா சார்?'' என்று கேட்டார். இருக்காது. நாம் டெலீட் செய்வதுதான் குப்பைத் தொட்டிக்குப் போகும். ரீப்ளேஸ் ஆனது அங்கே வராது.

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டம். ''தெரியாமத்தானே சார் சொன்னீங்க'' என்றார். தெரியாமல் செய்தால் பாவமில்லை என்று நாம் எல்லோருமே சொல்லிக்கொள்கிறோம். ஆனால், தெரிந்துகொள்ள பத்து செகண்ட் இருந்தும் தெரிந்துகொள்ளாதது எந்தக் கணக்கில் வரும்? அந்த விண்டோஸ் எக்ஸ்.பி. பெட்டியில் இரண்டு ஃபைல்களின் அளவும் தேதியும் போட்டிருக்கும். ''வாசிச்சுக் காட்டுங்க'' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மெஷின் ஒழுங்காகத்தான் கேட்டது. மனுஷன்தான் கேட்கவில்லை!

இன்னொன்று கவனித்தீர்களா? அந்தப் பெட்டியில் 'யெஸ் டு ஆல்' பட்டன் உண்டு, 'நோ டு ஆல்' கிடையாது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு 'நோ' தட்ட வேண்டும் என்பது ரகசியம். சம்மதிப்பது சுலபம், மறுப்பதற்கு வித்தை தெரிய வேண்டும். (கல்யாண வீட்டு மொய் மாதிரி!) 2007-ல் வந்த விஸ்டாவில்தான் 'இரண்டையும் வைத்துக்கொள்' என்ற நல்ல புத்தி வந்தது.

காப்பி எடுப்பது வேறு, பழையதை நீக்குவது வேறு. முதலாவது வேலை. இரண்டாவது தீர்ப்பு. ஒரே பட்டனில் இரண்டையும் சேர்த்துவிட்டதால் தீர்ப்பு சொல்கிறோம் என்பதே நமக்கு உறைப்பதில்லை. பி.காம். படித்தபோது பேரேட்டில் தப்பை ரப்பரால் அழிக்க விடமாட்டார்கள். திருத்தப் பதிவு ஒன்று தனியாகப் போட வேண்டும், தப்பும் கண்ணில் தெரிய வேண்டும். இப்போது 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம். பணத்துக்கு இவ்வளவு மரியாதை!

ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே சிக்கல்தான். ஓலைக்கு ஆயுசு கம்மி. புது ஓலையில் பிரதி எடுத்த பிறகு பழசுக்கு விடை கொடுப்பார்கள். பிறகு, பிரதி எடுப்பது மறந்துபோய் விடை கொடுப்பது மட்டும் சடங்காக நின்றுவிட்டது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போன உ.வே.சா.விடம், அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக, சாஸ்திரப்படி செய்த திருப்தியோடு சொன்னார்கள். 'என் சரித்திர'த்தில் அதைப் படித்துவிட்டு ஊர் ஜனங்கள் மீது எனக்கு ஒரு காலத்தில் பயங்கரக் கோபம். 2008-க்குப் பிறகு கோபம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

புதுச்சேரியிலேயே நேர்மாறான கதை ஒன்று இருக்கிறது. துய்ப்ளேக்ஸின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் கண் மூடிய நாலாம் நாள் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது, இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற பிரெஞ்சுத் தெருக்கள் அதற்குப் பின் கட்டியவை. ஊரே ரீப்ளேஸ் ஆகிவிட்டது! டைரி தப்பித்தது. 1846-ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுக்க, பிரதிகள் எடுத்தார்கள். அதில் ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேறு ஊர், வேறு அலமாரி. அதன் மேலேயே வைத்து அமுக்கவில்லை.

'எல்லாத்தையும் வெச்சுக்க முடியுமா சார், ஹார்ட் டிஸ்க் தாங்குமா?' என்பீர்கள். தாங்காதுதான். யாராவது ஒருவர் எதையாவது கழித்துத்தான் ஆக வேண்டும். அதை அடுத்தவர் அப்பா விஷயத்தில் நான் போனில் செய்திருக்கக் கூடாது.

கல்யாணப் படங்கள் 58 என்றேன் இல்லையா? மூன்று படங்கள் மேல் எதுவும் விழவில்லை. நண்பர் அந்த ஃபோல்டரை அப்படியே வைத்திருக்கிறார். போன தடவை போயிருந்தபோது தட்டிக்கொண்டே வந்தார். மாலை, தாலி, பந்தி, 58-ல் மாப்பிள்ளை வீட்டார் க்ரூப் போட்டோ. அடுத்த க்ளிக்கில், மடியில் வலையோடு, கேமராவைப் பார்க்காமல் அப்பா.