பாக்கி எங்கே எழுதியிருக்கிறது?

தனியாளாகத் தொழில் செய்யும் ஒருவரிடம், “உங்களுக்கு இன்றைக்கு யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். பலர் கைபேசியை எடுப்பார்கள். பில் போடும் செயலியில் ஒரு தொகை இருக்கும். அதில் பாதியை அனுப்பிவிட்டதாக வாட்ஸ்அப்பில் தகவல் வந்திருக்கும். ஜிபேயில் வந்த அட்வான்ஸ் எந்தப் பில்லிலும் சேராமல் கிடக்கும். வாடிக்கையாளர் பிடித்த டிடிஎஸ் எங்குமே எழுதப்பட்டிருக்காது. இத்தனைக்கும் அவரிடம் தொழிலை ஒழுங்குபடுத்தவென்றே வாங்கிய மென்பொருள்கள் வரிசையாக இருக்கும்.

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவன். பதிப்பகங்கள், சிற்றிதழ்கள், கும்பாபிஷேக மலர் போடும் ஊர்க்காரர்கள், ஆய்வேட்டை நூலாக்க வரும் பேராசிரியர்கள் என்று பலரும் வருவார்கள். மென்பொருளை நம்பித் தொழிலை ஒப்படைப்பதில் எனக்குள்ள தயக்கம் இந்த வேலையிலிருந்து வந்ததுதான்.

1990களில் தமிழ்ப் புத்தகங்கள் மிகப் பல பேஜ்மேக்கரில் உருவாயின. எழுத்துருக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீட்டு முறை. ஓர் எழுத்துருவில் ‘க’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து இருக்கும். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற பொது முறைகளை ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கு வந்தது. பேஜ்மேக்கரோ 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்றைக்கு ஒரு பதிப்பாளர் மறுபதிப்புக்காகப் பழைய சிடியைக் கொண்டுவந்தால், கோப்பு இருக்கும், திறக்காது. எப்படியோ திறந்தாலும் அந்த எழுத்துரு இல்லாததால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாக நிற்கும். அச்சான புத்தகத்தை வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்து, மறுபடி மெய்ப்புப் பார்த்த நூல்கள் உண்டு. காகிதம் பிழைத்தது, கோப்பு பிழைக்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: நாளைக்கு இதை விட்டுப் போகவேண்டி வந்தால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

தொழில் நடத்தும் செயலிகளிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. வேலைப் பட்டியல் எழுதுவதற்குப் பெயர்பெற்றிருந்த வுண்டர்லிஸ்ட்டை 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020 மே மாதம் அது மூடப்பட்டது. எவர்நோட் இலவசக் கணக்கில் ஐம்பது குறிப்புகளுக்கு மேல் சேர்க்க முடியாது என்று 2023 இறுதியில் ஆனது. நிறுவனங்களுக்கு அவர்களுடைய வரவுசெலவு இருக்கிறது, அதை வைத்து முடிவெடுக்கிறார்கள். நம் வாடிக்கையாளர் விவரமும் விலைப் பேச்சும் அந்த முடிவுகளுக்குக் காத்திருக்கும் நிலையில் இருக்கலாமா என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தொழில் செய்யும் கருவி வேறு, தொழிலைச் சுற்றி நிற்கும் கருவி வேறு. இன்டிசைனுக்கு நான் மனமாரச் சந்தா கட்டுகிறேன். அதில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தால்தான் தமிழ் எழுத்துகள் உடையாமல், கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கும். அதன் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்துவைத்திருப்பது என் கடமை. அந்த அக்கறையை பில், நினைவூட்டல், நேரக் கணக்கு, திட்டப் பலகை என்று எல்லாவற்றுக்கும் பங்குபோட்டுக் கொடுத்தால் பக்கத்துக்கு என்ன மிஞ்சும்?

நம் ஊர்க் கடைகள் நாள்வழி, பேரேடு என்ற இரண்டு புத்தகங்களில் தலைமுறைகளாக நடந்தன. அன்றன்று நடந்தது நாள்வழியில், ஆளுக்கு ஆள் கணக்கு பேரேட்டில். அளவில் அந்தக் கடைகளைவிட மிகச் சிறியது என் தொழில். ஆகவே ஒரே ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறேன். வேலை, கேட்டவர், ஒப்புக்கொண்ட தொகை, கெடு, அட்வான்ஸ், பில் எண், பிடித்த டிடிஎஸ், வந்த தொகை, பாக்கி. ஒரு வேலைக்கு ஒரு வரி. 1979இல் விசிகால்க் ஆப்பிள் கணினிக்கு வந்தபோது அட்டவணை எப்படி இருந்ததோ, அடிப்படையில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதைச் சிஎஸ்வியாகச் சேமித்தால் எந்தக் கணினியும் படிக்கும். மாதம் ஒரு முறை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுக்கிறேன். பொதுவாக, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை. அந்த அளவில் இருப்பவருக்கு இதற்கு மேல் என்ன கணக்கு மென்பொருள் வேண்டியிருக்கிறது?

புதிய செயலியின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். பெரும்பாலும் வேலை வராத வாரத்தில்தான் அது வருகிறது. பழைய பதிப்பாளரை அழைத்துப் பாக்கியைக் கேட்பது கூச்சமான காரியம். செயலியில் வாடிக்கையாளர்களை நிறம் பிரித்து அடுக்குவதில் கூச்சமே இல்லை. மாலையில் உழைத்த களைப்பும் கிடைத்துவிடும், பணம் மட்டும் வந்திருக்காது. எந்த நினைவூட்டல் செயலியும் “அண்ணே, போன மாதப் பில் நிற்கிறது” என்று நமக்காகப் பேசப்போவதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு ஒன்று. தனியாள் தொழிலில் விவரம் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் திடீரென்று படுத்துவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் யாரிடம் என்ன கேட்பார்கள்? ஒவ்வொரு செயலிக்கும் ஒரு கடவுச்சொல், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தகவல் என்றால், உழைத்துச் சம்பாதித்த தொகை அப்படியே கேட்பாரற்றுப் போகும். மருத்துவமனைச் செலவு ஏறிக்கொண்டிருக்கும்போது வரவேண்டிய பணம் இருந்தும் தெரியாமல் கடன் வாங்குவது எவ்வளவு பெரிய கொடுமை. என் மனைவிக்கு இன்டிசைன் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. ஆனால் அந்தத் தாளைத் திறந்தால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று அவள் படித்துச் சொல்லிவிடுவாள். கருவியின் தரத்தை அளக்க இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சோதனையைத் தொடங்க வாய்ப்பு தானாகவே வரும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து சந்தா தானாகப் பிடிக்கப்படும் முன் ஒரு நாளாவது முன்னதாகத் தகவல் வரவேண்டும். 2021 அக்டோபரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது தள்ளிவிடாமல் நில்லுங்கள். போன மாதம் அந்தச் செயலியைத் திறந்தீர்களா என்று பாருங்கள். திறக்கவில்லையென்றால் உள்ளே இருப்பதை இறக்கி வைத்துக்கொண்டு, சந்தாவை அன்றே நிறுத்துங்கள். பிறகு வரும் மார்ச் 31க்குள் ஒரு மாலையை ஒதுக்கி, வரவேண்டிய பாக்கிகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி, வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள்.